தேய்த்ததும் இடம் மாறிய கட்டி

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நான்கு வருடங்களுக்கு முன், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டில், குளித்துவிட்டுப் பாவாடை நாடாவைக் கட்டும்போது அடிவயிற்றின் இடப்பக்கம் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை.

2. சில மாதங்களில் வயிறு வெளியே தெரியத் தொடங்கியது. லயத்தில் பேச்சும் தொடங்கியது.

3. பதுளை டவுனில் ஒரு தனியார் இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். இடது சூலகத்தில் பெரிய நீர்க்கட்டியாக இருக்கலாம், சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

4. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார் அம்மா.

5. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தன்று, வயிறு வழித்துவிடும் பெரியம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

6. கட்டி இடம் மாறியது. அன்று பின்னேரம் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

ஏழாவதாக நடந்தது ஒரு வரியில் அடங்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்து, பதுளையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வீட்டுப் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன். இன்றும் அதே வேலைதான். அப்பா கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

வயிறு பெரிதானதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் பக்கத்து லயத்து அக்கா ஒருவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரமும் முள்ளும் படாமல் இருக்க இடுப்பைச் சுற்றித் தடித்த படங்கு ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். அதைக் கட்டினால் யாருக்குமே வயிறு முன்னால் தள்ளித்தான் தெரியும். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அந்த அக்கா என்னைப் பார்த்து, "என்ன புள்ள, ஆபீசுலயும் படங்கு கட்டச் சொல்றாங்களா?" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அவ சம்பாதிச்சுத் திங்கிறா, ஒடம்பு வைக்குது. ஒனக்கு ஏன் கொடல் எரியுது?" என்றார். மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை அந்த அக்காவைப் பார்த்து.

ஆனால் அன்று ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது, அடுப்பைப் பார்த்தபடியே அம்மா என்னிடம் கேட்டார். "எங்கிட்ட சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"இல்லம்மா."

"சரி."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஸ்கேன் எடுக்கப் போனோம்.

ஸ்கேன் முடிவு அம்மாவுக்கு ஒரு விதத்தில் ஆறுதல், இன்னொரு விதத்தில் அடி. பசறைப் பக்கம் இருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெற்றிலை பாக்கு இன்னும் மாற்றவில்லை. சூலகத்தில் கட்டி என்று வெளியே தெரிந்தால் அவர்கள் அடுத்துக் கேட்கப் போகும் கேள்வி எது என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு ஆறு கேள்விகள் இருந்தன: எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாக வளர்கிறது, புற்றுநோயா, மற்றச் சூலகம் எப்படி இருக்கிறது, எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன. அம்மாவுக்கு ஒரே கேள்விதான். இவளுக்குப் பிள்ளை பிறக்குமா?

கிளினிக்குக்குப் போகலாம் என்றேன். முதலில் வயிற்றை வழித்துப் பார்க்கலாம் என்றார். எங்கள் பக்கம் வயிற்றுக் கோளாறு எதுவானாலும் குடல் ஏறிவிட்டது என்று சொல்லி, எண்ணெய் தேய்த்து வழித்து இறக்குவது வழக்கம். சிறு பிள்ளைகளுக்குச் செய்வார்கள், பெரியவர்களுக்கும் செய்வார்கள். எனக்கே பள்ளிக்கூடக் காலத்தில் இரண்டு மூன்று தரம் செய்திருக்கிறார்கள். பிறகு வலி நின்றதும் உண்மைதான்.

போயா அன்று காலை மேட்டு லயத்தில் இருந்து பெரியம்மா வந்தார். உறவில்லை, லயத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல வாய்க்காரர். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணச் சொல்லிவிட்டு என்னைப் பாயில் படுக்க வைத்தார்.

"கம்ப்யூட்டருக்கு முன்னாடி நாள் முழுக்கக் குந்தியிருந்தா கொடல் என்னா செய்யும்? இவ என்னா வரையிறான்னு அதுவும் மேல ஏறி எட்டிப் பாக்கும்" என்றார். அம்மா சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பெரியம்மாவின் கை பலமான கை. கட்டியைக் கண்டுபிடித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்து அழுத்தித் தள்ளினார். உள்ளே ஏதோ வழுக்கிப் போனது எனக்கே தெரிந்தது.

"இந்தா போச்சு! தொட்டுப் பாரு, எடம் காலி."

அம்மா தொட்டுப் பார்த்தார். இடப்பக்கம் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. கையைத் துடைக்காமலே எழுந்து, லயத்து மூலையில் உள்ள சிறிய கோயிலுக்குக் கற்பூரம் கொளுத்தப் போனார்.

அவர் போன பிறகு வலப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். அங்கே இருந்தது. படத்தில் ஒரு சுவரை நகர்த்துவதும் அழிப்பதும் ஒன்றல்ல. கோயிலில் இருந்து திரும்பி வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

நாளைவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மதியச் சோற்றுக்குப் பிறகு வலி வந்தது. முதலில் வலப்பக்கம், பிறகு வயிறு முழுவதும். நிமிர முடியவில்லை. அம்மா ஆட்டோ பிடித்தார். ஸ்பிரிங்வெளியில் இருந்து பதுளைக்கு இறங்கும் வளைவு ஒவ்வொன்றிலும் வயிற்றுக்குள் யாரோ கை விட்டுத் திருப்புவது போல இருந்தது.

வழியில் அம்மா என் காதருகே குனிந்து சொன்னார். "தேய்ச்சதச் சொல்லிறாத. சொன்னா ஏசுவாங்க."

ஆஸ்பத்திரியில் ஏச்சு வாங்குவது எங்கள் ஆட்களுக்கு நோயைவிடப் பெரிய பயம். கை முறிவுக்குப் பத்துப் போட்டதையோ, மஞ்சள் காமாலைக்கு மருந்து கட்டியதையோ வாட்டில் நான்கு பேர் முன்னால் சொல்லி, "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று கேட்டால், பார்த்தவர்கள் அதை லயத்துக்கு வந்து வருடக்கணக்கில் சொல்வார்கள். அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். நானும் சரி என்று தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்த பெண் வைத்தியர் சிங்களவர்; எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சூலகத்துக் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம், அப்படியானால் தாமதிக்கக் கூடாது, இன்றே திறந்து பார்க்க வேண்டும் என்றார். சூலகத்தைக் காப்பாற்றப் பார்ப்போம், முடியாவிட்டால் கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டி வரும், அதற்கும் சம்மதம் வேண்டும் என்றார். நிதானமாக, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வரக் காரணம் இல்லை.

"என்னா சொல்றாங்க?" என்றார் அம்மா.

சொன்னேன்.

"ஒண்ணு இருந்தாப் போதுமா?"

"போதுமாம்."

"மத்ததுலயும் கட்டி இருந்தா?"

அதை நானும் கேட்டிருந்தேன். கட்டி பெரிதாக இருந்ததால் மற்றச் சூலகம் ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை. திறந்து பார்த்தால்தான் தெரியும். இதையும் சொன்னேன். சம்மதத்துக்குக் கையெழுத்து வைத்தேன். கோடு நேராகத்தான் விழுந்தது. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நர்ஸ் மிஸ் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்ப முதல் எல்லாவற்றையும் திரும்ப விசாரிப்பது அவருடைய வேலை. வயிற்றில் கை வைத்தவர், ஸ்கேன் அறிக்கையை எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடியும் கை வைத்தார்.

"இதில இடப்பக்கம், கீழ எண்டு கிடக்கு. எனக்கு வலப்பக்கம், மேல தட்டுப்படுது. விழுந்தனீங்களோ?"

"இல்லை."

"வயித்தில அடி ஏதும் பட்டதோ?"

"இல்லை."

இரண்டு கேள்விக்கும் அவை சரியான பதில்கள். அவர் எழுதிக்கொண்டார். "கட்டி வளந்திட்டுது போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பேனையைச் சட்டைப் பையில் போட்டுத் திரும்பினார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க."

அம்மா கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். முந்தானை நுனியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"காலையில தேய்ச்சோம்."

"என்னத்தை?"

"வயித்த. எண்ணெ போட்டு வழிச்சோம். அந்தப் பக்கந்தான் இருந்திச்சு. அமுக்கினதும் இந்தப் பக்கம் ஓடிருச்சு. நான் நல்லாயிருச்சுன்னு கோயிலுக்கெல்லாம் போனேன்." கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டு, "ஏசுங்க ஐயா. ஏசிட்டுப் பாருங்க" என்றார்.

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாட்டில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும்.

டாக்டர் ஏசவில்லை. அம்மாவைப் பார்த்து, "ஓடினதோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. கரைஞ்ச மாதிரியோ, ஓடின மாதிரியோ?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். "ஓடியதுதான். வழுக்கிப் போனது எனக்கே தெரிந்தது. பிறகு வலப்பக்கம் தொட்டும் பார்த்தேன்" என்றேன்.

அவர் பேனையை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னை முழங்காலை மடக்கச் சொன்னார். வலிக்கும் என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார். கட்டியை மெதுவாக இடப்பக்கம் தள்ளினார், வலப்பக்கம் தள்ளினார். பிறகு மேலே, கீழே. வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய கையைக் கவனித்தேன்.

"பக்கவாட்டில போகுது. நேர மேல கீழ போகுதில்லை" என்றார். இந்த முறையும் தனக்குத்தானே. போய்ப் பெண் வைத்தியரை அழைத்து வந்தார். அவரும் அதையே செய்து பார்த்தார். இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். நான் சுகமாக இல்லாவிட்டாலும் காது நன்றாகத்தான் வேலை செய்தது. அவர்கள் பேசியதன் சாரம் இதுதான்: இது சூலகத்தில் இருந்து வந்ததாக இல்லாமல் இருக்கலாம், முறுக்கிக்கொள்ளாமல் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம், நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஓரளவு நிலையாக இருப்பதால், திறப்பதற்கு முன் சீடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்.

தள்ளுக்கட்டிலுக்குக் காத்திருந்தபோது சின்ன டாக்டரிடம் கேட்டேன். "சூலகம் இல்லையென்றால், அது எதில் மாட்டியிருக்கிறது?"

அவர் என்னைக் கொஞ்சம் வித்தியாசமாகப் பார்த்தார். "நீங்கள் என்ன வேலை?"

சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு விளங்கும்" என்று ஒரு கடதாசித் துண்டில் கீறிக் காட்டினார். குடல் வயிற்றுக்குள் சும்மா கொட்டிக் கிடப்பதில்லை. முதுகுப் பக்கச் சுவரில் இருந்து வரும் மெல்லிய மடிப்பு ஒன்று, கம்பியில் மாட்டிய திரைச்சீலை போல அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தத் திரையில் ஒரு கட்டி இருந்தால் அது திரையோடு சேர்ந்து பக்கவாட்டில் ஆடும். கம்பி இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிந்திருப்பதால், குறுக்கே போகும்போது இடது கீழிருந்து வலது மேலே ஏறும்; கம்பி விடாததால் நேராக மேலும் கீழும் போகாது. "எனக்கும் நிச்சயமில்லை. புத்தகத்தில படிச்சதுதான், கையால இண்டைக்குத்தான் முதல்முதல் பிடிச்சுப் பாக்கிறன்" என்றார்.

நிச்சயமில்லை என்று ஒருவர் சொன்னது எனக்கு அன்று ஆறுதலாக இருந்தது. முதல் ஸ்கேன் வயிற்றை வெளியில் இருந்து பார்த்த ஒரு பார்வை. இப்போது எடுக்கப் போவது குறுக்குவெட்டு. எங்கள் தொழிலில் ஒரு பொருள் எங்கே தொங்குகிறது என்று குறுக்குவெட்டு வரையாமல் சொல்ல மாட்டோம்.

முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில் அம்மா என் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். எண்ணெய் வாசனை என் வயிற்றில் இருந்து இன்னும் போகவில்லை. அம்மா வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், வேண்டுதலாக இருக்கும்.

சின்ன டாக்டர் வந்து, என்னைப் பார்க்காமல் முதலில் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "சூலகம் ரெண்டும் சுகமா இருக்கு. கட்டி அதில இல்லை. குடலின்ர மடிப்பிலதான். உள்ளுக்க ரத்தம் கசிஞ்சிருக்கு, அதுதான் நோகுது."

அம்மா, "ரெண்டுமா?" என்றார்.

"ரெண்டும்."

அம்மா வாட்டுக்கு வெளியே போனார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

என்னைச் சத்திரசிகிச்சை வாட்டுக்கு மாற்றினார்கள். கட்டியையும், அதோடு ஒட்டியிருந்த சிறுகுடலின் ஒரு சிறு துண்டையும் அங்கே எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தோம். அந்த வாரங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், புற்றுநோய் என்று வந்தால் செய்ய வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கிளினிக்கில் முடிவைச் சொன்னார்கள். நிணநீர்க் குழாய்கள் உருவாகும்போதே ஏற்பட்ட கோளாறு, பல வருடங்களாக மெல்ல மெல்ல நீர் சேர்ந்து பெருத்திருக்கிறது, தீங்கில்லாத கட்டி. பெரும்பாலும் சிறு பிள்ளைகளில், அதுவும் கழுத்துப் பக்கத்தில்தான் வருமாம். இந்த வயதில், இந்த இடத்தில் அபூர்வம் என்றார்கள்.

"அபூர்வமா?" என்றார் அம்மா. "நம்ம வீட்டுக்கு வர்றதெல்லாம் அப்புடித்தான்."

அன்று தாழ்வாரத்தில் அந்தச் சின்ன டாக்டரைக் கண்டோம். அம்மா கும்பிட்டார். அவர் நின்று, "அம்மா, அண்டைக்கு ஏசுறதுக்கு நேரம் கிடைக்கேல்ல. இண்டைக்கு ஏசுறன்" என்று தொடங்கி, உண்மையிலேயே ஏசினார். அந்தக் கட்டி உள்ளே வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்கேன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்ப்பதா என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுவிட்டு, "முடிஞ்சிச்சாங்க ஐயா?" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முடிஞ்சுது. போயிட்டு வாங்கோ."

பெரியம்மா என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். வழக்கமான பகிடி எதுவும் இல்லை. "என் கை பட்டுத்தான் ரத்தம் கசிஞ்சிச்சா?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். பொய் சொல்ல விரும்பவில்லை. அந்தக் கை பட்டதால்தான் கட்டி எங்கே இருக்கிறது என்ற சந்தேகம் வந்தது என்பதையும் சொன்னேன். இரண்டும் உண்மை. ஒன்றால் மற்றதைக் கழிக்க முடியாது. அவர் தலையாட்டினார். அவர் இன்னும் வயிறு வழிக்கத்தான் போகிறார். ஆனால் கையில் கட்டி ஏதும் தட்டுப்பட்டால் எண்ணெயை மூடி வைத்துவிட்டு, டவுனுக்குப் போகச் சொல்லி எழுந்துவிடுகிறாராம். அம்மாதான் சொன்னார்.

பசறைக்காரர்களிடம் அம்மா தானே போய் நடந்த அனைத்தையும் சொன்னார். தேய்த்ததையும் சேர்த்து. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போதைய நிலை இதுதான். வயிற்றின் நடுவில் ஒரு தழும்பு இருக்கிறது. இந்த வகைக் கட்டி திரும்ப வரலாம் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறேன். இதுவரை எதுவும் இல்லை. வேலைக்குப் போகிறேன். கட்டியால் என் சூலகங்களுக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை. அன்று அவற்றுக்கு வரவிருந்த ஆபத்து, நானும் அம்மாவும் ஆட்டோவில் பேசி வைத்துக்கொண்ட ஒரு மௌனம். ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் "வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்கும்போது, முந்தானையைப் பிடித்தபடி வாட்டு நடுவில் ஏச்சுக்குத் தயாராக நின்ற அம்மா ஞாபகத்துக்கு வருகிறார்; சொல்லாமல் விடலாம் என்று நினைத்திருந்ததைத்தான் முதலில் சொல்கிறேன்.